எழுத்துக் கூட்டுவதை விட்ட பிறகு

தமிழில் புத்தகத்தையும் வாசிக்கிறோம், பியானோவையும் வாசிக்கிறோம், இரண்டுக்கும் ஒரே சொல்தான். எனக்கு ஏழு வருடமாகப் பியானோவை வாசிக்க வந்தது, பியானோவுக்காக எழுதி வைத்ததை வாசிக்க வரவில்லை. ஒரு மெட்டைக் காதால் கேட்டுப் பிடித்துவிடுவேன். காதில் பிடிபடாத பெரிய துண்டு என்றால் தாளை வைத்துக்கொண்டு ஒரு வாரம், பத்து நாள், ஒவ்வொரு நோட்டாக எண்ணிக் கண்டுபிடித்து, விரலுக்குப் பழகியதும் தாளை மூடிவிடுவேன், அதற்கப்புறம் அந்தத் தாள் எனக்குத் தேவையே இல்லை. புதிய பக்கம் ஒன்றை விரித்தால் மறுபடியும் முதலிலிருந்து எண்ண வேண்டும். இப்படியே போனதில் ஏழு வருடத்தில் முழுசாகக் கற்ற துண்டுகள் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் இல்லை. எழுதப்பட்ட இசை இவ்வளவு கிடக்க, அதன் வாசற்படியிலேயே நிற்கிறேனே என்ற ஏக்கம்தான் என்னைச் சரளமாக வாசிக்கக் கற்றுக்கொள்ளத் தள்ளியது.

பியானோ இசையை எழுதும் கோட்டு அமைப்பான கிராண்ட் ஸ்டாஃப் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐந்து கோடுகள் கொண்ட ஒரு தொகுதி மேலே, இன்னொரு ஐந்து கீழே, இடது ஓரத்தில் ஒரு வளைந்த அடைப்பு இரண்டையும் சேர்த்துக் கட்டியிருக்கும். மேல் தொகுதியின் தொடக்கத்தில் ட்ரெபிள் கிளெஃப் என்ற குறி, பெரும்பாலும் வலது கைக்கு. கீழே பேஸ் கிளெஃப், பெரும்பாலும் இடது கைக்கு. கோட்டின் மேலும் கோடுகளுக்கு இடையிலும் நோட்டுகள் உட்காரும். இவ்வளவுதான் விதி, அரை மணி நேரத்தில் யாருக்கும் புரிந்துவிடும். புரிவதற்கும் சரளமாவதற்கும் நடுவில் இருக்கும் தூரம்தான் பெரிது.

ஆரம்பத்தில் நான் செய்தது, பென்சிலால் ஒவ்வொரு நோட்டின் தலையிலும் சி, இ, ஜி என்று அதன் எழுத்துப் பெயரை எழுதியது. பலரும் செய்வதுதான். அப்படி எழுதிவிட்டால் கண் அந்த எழுத்துக்குத்தான் போகும், நோட்டுக்குப் போகவே போகாது. ஒரு வருடம் அப்படி வாசித்தாலும் நோட்டைப் பார்த்த பழக்கம் ஒரு நாள் அளவுக்குக்கூடச் சேராது. விரல் எண்களும் அப்படித்தான். தொடக்கப் புத்தகங்களில் ஐந்து விரலையும் ஐந்து கட்டைகளில் நிலையாக வைத்து 1, 2, 3 என்று மேலே அச்சிட்டிருப்பார்கள், நாம் இசைக்குறிப்பை வாசிக்கிறோம் என்று நம்பிக்கொண்டு எண்களை வாசித்துக்கொண்டிருப்போம், கை அந்த இடத்தை விட்டு நகர்ந்த நாளில்தான் தெரியவரும்.

அடுத்தது மனப்பாட வாக்கியங்கள். ட்ரெபிளின் ஐந்து கோடுகள் கீழிருந்து இ, ஜி, பி, டி, எஃப். இதை நினைவில் வைக்க ஒவ்வொரு எழுத்திலும் தொடங்கும் சொற்களைக் கோத்து ஒரு வாக்கியம் சொல்லித் தருவார்கள். தவறில்லை, முதல் வாரத்துக்கு உதவும். ஆனால் வாக்கியம் எப்போதும் அடிக்கோட்டிலிருந்துதான் தொடங்கும், நான்காவது கோட்டில் ஒரு நோட்டைப் பார்த்தால் மூன்று சொல்லைத் தாண்டி வர வேண்டும். தாளம் தட்டும் மெட்ரோனோம் கருவி நிமிடத்துக்கு 60-இல் ஓடும்போது ஒரு தட்டுக்கு ஒரு நொடி, அதற்குள் இரண்டு நோட்டுகள், இரண்டு கையிலும். வாக்கியம் சொல்ல அங்கே எங்கே நேரம்?

இதைவிட ஆழமாகப் போன பழக்கம் ஒன்று இருந்தது, அதை நான் கவனிக்கவே பல மாதம் ஆனது. ட்ரெபிளை முதலில் கற்றுவிட்டதால் பேஸ் கிளெஃபை ட்ரெபிளாகவே பார்த்து, பிறகு இரண்டு படி ஏற்றிக்கொண்டிருந்தேன். ட்ரெபிளின் அடிக்கோடு இ, பேஸின் அடிக்கோடு ஜி. ‘இ மாதிரி இருக்கிறது, அப்படியானால் ஜி.’ இந்தக் கணக்கு சரியான விடையைத்தான் தரும், அதனால்தான் அது விடாமல் ஒட்டிக்கொள்கிறது. ஆனால் இடது கையின் ஒவ்வொரு நோட்டும் மனதில் வலது கை வழியாகச் சுற்றி வரும்போது இடது கை எப்போதும் கொஞ்சம் பின்தங்கும். எனக்கு இடது கை மந்தம் என்று நினைத்திருந்தேன். கையில் ஒரு குறையும் இல்லை, கணக்குத்தான் நேரத்தைத் தின்றது.

இதிலிருந்து வெளியே வர எனக்கு உதவியது கிளெஃப் என்றால் என்ன என்று சரியாகப் புரிந்துகொண்டது. இரண்டுமே எழுத்துகள். ட்ரெபிள் கிளெஃப் என்பது ஜி என்ற எழுத்து பல நூற்றாண்டு எழுதி எழுதி சுருண்டு போன வடிவம், அதன் சுருள் இரண்டாவது கோட்டைச் சுற்றிக்கொள்கிறது, அந்தக் கோடு ஜி. பேஸ் கிளெஃப் எஃப் என்ற எழுத்து, அதன் இரண்டு சிறு கைகள்தான் இன்று இரண்டு புள்ளிகளாக மிச்சமிருக்கின்றன, அவை நான்காவது கோட்டை மேலும் கீழுமாக அணைத்து நிற்கின்றன, அந்தக் கோடு எஃப். இந்த ஏற்பாடு பழையது. 11-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் இத்தாலியின் அரெஸ்ஸோவில் பாடகர்களுக்குச் சொல்லிக் கொடுத்த குய்தோ என்ற துறவி கோடுகளை இந்த ஒழுங்குக்குக் கொண்டுவந்தார், எஃப் கோட்டுக்குச் சிவப்பும் சி கோட்டுக்கு மஞ்சளும் கொடுத்தார். அதுவரை ஒவ்வொரு பாட்டையும் ஆசிரியர் வாயிலிருந்து கேட்டுத்தான் மனப்பாடம் செய்ய வேண்டும். பத்து வருடத்திலும் நிறைவடையாத படிப்பை ஓரிரு வருடத்தில் முடிக்கலாம் என்று அவர் எழுதியிருக்கிறார். பாடகர் தான் கேட்டிராத பாட்டைத் தாளைப் பார்த்தே பாட வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. ஆயிரம் வருடம் கழித்து எனக்கும் அதே ஆசைதான்.

எல்லாக் கோடுகளையும் தனித்தனியாகக் கற்க வேண்டியதில்லை, சில நங்கூரங்கள் போதும் என்பது இதிலிருந்து வந்தது. நடுவில் மிடில் சி, பியானோவின் நடுவே இருக்கும் சி கட்டை. ட்ரெபிளுக்குக் கீழே ஒரு லெட்ஜர் கோடு (ஐந்து கோட்டுக்கு வெளியே போடும் சிறு கோடு), பேஸுக்கு மேலே ஒரு லெட்ஜர் கோடு, இரண்டும் ஒரே கட்டை. அதையும் சேர்த்து எண்ணினால் மேலே ஐந்தாவது ஜி, கீழே ஐந்தாவது எஃப், அதாவது இரண்டு கிளெஃப்களும் கைகாட்டும் கோடுகளே. ட்ரெபிளில் கீழிருந்து மூன்றாவது இடைவெளி ஒரு சி, பேஸில் மேலிருந்து மூன்றாவது இடைவெளி ஒரு சி. ட்ரெபிளுக்கு மேலே இரண்டாவது லெட்ஜர் கோட்டில் ஒரு சி, பேஸுக்குக் கீழே இரண்டாவது லெட்ஜர் கோட்டில் ஒரு சி. தாளை மிடில் சியில் மடித்தால் சி எல்லாம் சியின் மேல் வந்து விழும். இதைக் கண்ட அன்று நான் உண்மையிலேயே ஒரு தாளை எடுத்து வரைந்து மடித்துப் பார்த்தேன், அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. இரண்டு தனி வரைபடங்களை வைத்துக்கொண்டு திண்டாடிய எனக்கு முழுவதும் ஒரே வரைபடம் என்று அன்றைக்குத்தான் மனதில் இறங்கியது.

நடுவில் இருக்கும் அந்த வெற்றிடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது கண்ணை ஏமாற்றுகிறது. தாளில் இரண்டு தொகுதிகளுக்கும் இடையே பெரிய இடைவெளி விட்டு அச்சிடுகிறார்கள், பாட்டு வரி, சத்தக் குறிகள், விரல் எண்கள் எல்லாம் அங்கே நுழைய வேண்டும். உண்மையில் அங்கே விடுபட்டிருப்பது ஒரே ஒரு கோடு, மிடில் சியின் கோடு. ஆகவே ஒரே நோட்டை இரண்டு இடத்தில் எழுத முடியும். இடது கை மேலே ஏறி வாசிக்க வேண்டுமென்றால் பேஸுக்கு மேலே இரண்டாவது லெட்ஜர் கோட்டில் ஒரு இ வரும், அது ட்ரெபிளின் அடிக்கோட்டு இயேதான், கட்டை மாறவில்லை. எந்தக் கை என்பதைச் சொல்லத்தான் இடம் மாறுகிறது. நான் அதிகம் தடுக்கி விழுந்தது இந்த நடுப்பகுதியில்தான், ஓரங்களில் இல்லை. அதனால் இரண்டு வாரம் நடுப்பகுதியை மட்டுமே எடுத்துக்கொண்டேன், எஃப்பிலிருந்து ஜி வரைக்கும், இரண்டு பக்கத்திலிருந்தும் எழுதி எழுதி வாசித்தேன்.

சரி, நங்கூரம் கிடைத்தாயிற்று. மற்ற நோட்டுகளுக்குப் பெயர் கேட்பதையே நிறுத்தச் சொன்னார் என் ஆசிரியர். ‘முந்தின நோட்டுலருந்து எவ்வளவு தூரம்னு மட்டும் பாருங்க’ என்றார். முதலில் நம்பிக்கை வரவில்லை, பெயர் தெரியாமல் எப்படி என்று கேட்டேன். ‘கைக்குப் பெயர் வேண்டாம், தூரம்தான் வேணும்’ என்றார். அதுதான் எல்லாவற்றையும் மாற்றியது. தொடங்கும் நோட்டையும் சேர்த்து எண்ணினால், கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குப் போனால் மூன்று, ஒரு கோட்டைத் தாண்டிப் போனால் ஐந்து, இரண்டைத் தாண்டினால் ஏழு. ஒற்றைப்படைத் தூரங்கள் எல்லாம் கோட்டிலிருந்து கோட்டுக்கோ இடைவெளியிலிருந்து இடைவெளிக்கோ போகும். இரண்டு, நான்கு, ஆறு, எட்டு ஆகிய இரட்டைப்படைத் தூரங்கள் கோட்டிலிருந்து இடைவெளிக்கு மாறும். எனவே எட்டு என்று நினைத்த இரண்டு நோட்டுகளும் கோட்டிலேயே உட்கார்ந்திருந்தால் அது ஏழு அல்லது ஒன்பது, எண்ணிப் பார்க்கவே வேண்டாம். இந்தத் தூரங்கள் ட்ரெபிளிலும் பேஸிலும் ஒரே மாதிரிதான் தோன்றும். பேஸ் கிளெஃபை மொழிபெயர்த்துக்கொண்டிருந்த என் பழக்கம் இங்கேதான் உதிர்ந்தது, தூரத்துக்கு மொழிபெயர்ப்பு எதற்கு?

கார்டுகளும், அதாவது ஒன்றாக ஒலிக்கும் நோட்டுகளின் அடுக்குகளும், இதே வழியில் வந்தன. மூன்று நோட்டு அடுக்கில் மூன்றும் கோட்டில் அல்லது மூன்றும் இடைவெளியில் இருந்தால் அது மூலநிலை, அடியில் இருப்பதே அதன் பெயர். எங்காவது ஒரு இடத்தில் நான்கின் பிளவு தெரிந்தால் அது இன்வெர்ஷன், அதாவது அடி நோட்டு மாறிய நிலை, அந்த நான்கின் மேல் நோட்டுதான் கார்டின் பெயர். மூன்று நோட்டையும் தனித்தனியாக வாசித்த காலத்தில் ஒரு கார்டுக்கு மூன்று வேலை. இப்போது அடி நோட்டு ஒன்று, மேலே ஒரு வடிவம், அவ்வளவுதான்.

‘கொ’ என்ற எழுத்தைப் பாருங்கள். முன்னால் ஒற்றைக்கொம்பு, நடுவில் க, பின்னால் துணைக்கால். துணைக்கால் இல்லாவிட்டால் அது கெ. அதாவது கொம்பைப் பார்த்த உடனே எந்த ஒலி என்று சொல்லிவிட முடியாது, இரண்டு பக்கமும் பார்த்தாக வேண்டும். இதைப் படிக்கும் உங்களில் யாரும் அப்படிப் பிரித்துப் பார்க்கவில்லை, கண் மொத்தமாக எடுத்துக்கொண்டது. கிராண்ட் ஸ்டாஃபில் ஒரே நேரத்தில் ஒலிக்க வேண்டியவை மேலிருந்து கீழாக ஒரே நேர்க்கோட்டில் நிற்கும். நான் வலது கைக்கு ஒரு முறை, இடது கைக்கு ஒரு முறை என்று மேலும் கீழும் கண்ணை ஓட்டிக்கொண்டிருந்தேன். கீழிருந்து மேலாக ஒரே பார்வையில் எடுக்கப் பழக வேண்டியிருந்தது. இதற்கு நான்கு குரல்களுக்கு எழுதிய தேவாலயப் பாடல்களைப் போல உதவியது எதுவும் இல்லை. ஒவ்வொரு தொகுதியிலும் இரண்டு குரல், மேல்குரலின் காம்பு மேல்நோக்கி, கீழ்க்குரலின் காம்பு கீழ்நோக்கி, நான்கும் பெரும்பாலும் ஒன்றாகவே நகரும். தாளம் எளிது, வேகம் தேவையில்லை, ஆனால் ஒவ்வொரு தட்டிலும் நான்கு நோட்டு. முதல் மாதம் ஒரு பாட்டுக்கு அரை மணி நேரம் ஆனது. விடாமல் தினம் ஒரு பாட்டு, வாசித்ததைத் திரும்ப எடுக்காமல் வாசித்தேன்.

திரும்ப எடுக்காமல் என்பதுதான் முக்கியம். சீக்கிரம் மனப்பாடமாகும் நினைவாற்றல் உள்ளவர்களுக்கு இது இன்னும் முக்கியம், மூன்றாவது தடவையில் நீங்கள் தாளை வாசிப்பதில்லை, நினைவை வாசிக்கிறீர்கள். சைட் ரீடிங்குக்கு, அதாவது புதிய தாளைப் பார்த்த உடனே வாசிப்பதற்கு, உங்கள் திறமைக்கு இரண்டு படி கீழே இருக்கும் பாடங்கள் மலைமலையாக வேண்டும். ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்டோக் 1926 முதல் 1939 வரை எழுதிச் சேர்த்த மிக்ரோகாஸ்மாஸ் ஆறு தொகுதி, 153 துண்டுகள், இரண்டு கையும் ஒரே மெட்டை வாசிப்பதில் தொடங்கி மெல்ல மெல்ல ஏறும். முதல் இரண்டு தொகுதியை நான் அப்படியே வாசித்து முடித்தேன். எதையும் மெருகேற்றவில்லை. ஆப்களில் ஒற்றை நோட்டைக் காட்டிப் பெயர் கேட்கும் பயிற்சியும் செய்து பார்த்தேன், அந்த ஆட்டத்தில் வேகம் வந்தது, வாசிப்பில் வரவில்லை. நங்கூரங்களை உறுதிப்படுத்த ஒரு வாரம் போதும், அதற்குமேல் அதில் உட்காருவது நேர விரயம் என்பது என் கருத்து.

தாளத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், சிரமம் குறைவு என்பதால் அல்ல, வழி ஒன்றுதான் என்பதால். வாசிக்கும் முன் இரண்டு தொடையிலும் தட்டிப் பாருங்கள், வலது கைக்கு வலது தொடை, இடது கைக்கு இடது. நோட்டு தவறினால் பாட்டு ஓடும், தாளம் தவறினால் நின்றுவிடும். நிற்காமல் இருக்க எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரு தோழி. ஒரே பியானோவில் இரண்டு பேர் உட்கார்ந்து நான்கு கையால் வாசிக்கும் துண்டுகளை எடுத்தோம், கீழ்ப்பகுதி எனக்கு. அதில் பல இடங்களில் இரண்டு கைக்குமே பேஸ் கிளெஃப்தான். நான் தவறி நின்றால் அவள் நிற்கமாட்டாள், ‘விட்டதை விடு, அடுத்த பாருல வந்து சேர்ந்துக்கோ’ என்று சொல்லிக்கொண்டே வாசிப்பாள் (பார் என்பது தாளில் இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதி). தனியாக இருந்தால் தவறிய நோட்டுக்குத் திரும்பிப் போய்த் திருத்துவோம், அந்தத் திருத்தமே ஒரு பழக்கமாகிவிடும். பக்கத்தில் ஒருவர் ஓடிக்கொண்டிருக்கும்போது திரும்பிப் போக இடமில்லை. பேஸ் கிளெஃப் எனக்கு உறவானது அந்த மூன்று மாதத்தில்தான்.

கையைப் பார்க்காமல் வாசிக்கவும் அப்போதுதான் பழகினேன். கருப்புக்கட்டைகள் இரண்டாகவும் மூன்றாகவும் குழுக்குழுவாக இருப்பது தடவிக் கண்டுபிடிக்கவே செய்தது போலிருக்கும். இரண்டின் இடப்பக்கம் சி, மூன்றின் இடப்பக்கம் எஃப், விரல் நுனி மேடு தேடிப் போகும். ஒவ்வொரு தடவை கண் கைக்கு இறங்கும்போதும் தாளில் இடம் தொலையும், தொலைந்த இடத்தைத் தேட ஒரு தட்டு போய்விடும்.

கண் எங்கே இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு நல்ல ஆய்வு உண்டு. ஜான் ஸ்லொபோடா என்ற உளவியலாளர் 1970-களில், வாசித்துக்கொண்டிருக்கும்போதே இசைக்குறிப்பை மறைத்துவிட்டு, அதற்குப் பிறகும் எத்தனை நோட்டு சரியாக வருகிறது என்று எண்ணினார். நன்றாக வாசிப்பவர்களுக்கு ஏழு நோட்டு வரை வந்தது. அவர்கள் கண் அவ்வளவு முன்னால் போயிருக்கிறது. தோழி ஒரு சிறு அட்டையை வைத்து நான் வாசிக்கும் பாரை மூடி மூடி நகர்த்துவாள், அடுத்த பாரைப் பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு வழி இருக்காது. பதற்றமாகத்தான் இருந்தது, ஆனால் வேலை செய்தது.

இன்னொரு சம்பவமும் எனக்கு மிகவும் பிடிக்கும். போரிஸ் கோல்டோவ்ஸ்கி என்ற பியானோ கலைஞரின் மாணவி ஒருவர், வாசிப்பில் அவ்வளவாகத் தேறாதவர், இசையமைப்பாளர் பிராம்ஸின் கப்ரிச்சியோ என்ற வகைத் துண்டு ஒன்றில் தவறான நோட்டு ஒன்றை வாசித்தார். திருத்தச் சொன்னால், தாளில் அப்படித்தான் இருக்கிறது என்றார். பார்த்தால் அச்சுப்பிழை. கோல்டோவ்ஸ்கி அதையே தேர்ந்த வாசிப்பாளர்களிடம் கொடுத்து இதில் ஒரு அச்சுப்பிழை இருக்கிறது, கண்டுபிடியுங்கள் என்றால், அவர்கள் கண்ணில் அது படவே இல்லை, விரல் தானாகச் சரியான நோட்டுக்குப் போயிருக்கிறது. நாம் எழுத்துப்பிழையுள்ள சொல்லைச் சரியாகப் படித்துவிட்டுப் போவது போலத்தான். சரளம் என்பதில் பெரும்பகுதி அடுத்து என்ன வரும் என்ற எதிர்பார்ப்பு. அதனால்தான் வாசிக்கத் தொடங்கும் முன் எந்த நோட்டுகளை அரைப்படி ஏற்றி (ஷார்ப்) அல்லது இறக்கி வாசிக்க வேண்டும் என்று வரியின் தொடக்கத்தில் சொல்லும் கீ சிக்னேச்சரைப் பார்த்து, அந்த ஸ்கேலை, அதாவது அந்தச் சுர வரிசையை, ஒரு முறை வாசித்து, கைக்கு எந்தக் கட்டைகள் வீடு என்று காட்டிவிட்டுத்தான் போகிறேன். இரண்டு ஷார்ப் என்றால் எஃப்பும் சியும் என்று மூளை நினைவுபடுத்திக்கொண்டே இருக்க வேண்டியதில்லை, கையே டி மேஜருக்குள் உட்கார்ந்துவிடும்.

தினம் இருபது நிமிடம், ஒன்றரை வருடம். மற்ற பயிற்சிக்கு முன்னால், களைப்பு வரும் முன். முதல் நான்கு மாதம் ஒரு முன்னேற்றமும் கண்ணுக்குத் தெரியவில்லை, எட்டாவது மாதத்தில் ஒரு நாள் முழுப் பக்கம் ஒன்றை நிற்காமல் வாசித்து முடித்தேன், அதில் எத்தனையோ தவறுகள், ஆனால் நான் கேட்டே இராத ஒரு மெட்டு தாளிலிருந்து கிளம்பி அறைக்குள் வந்திருந்தது. அதன் பெயரைக்கூட முன்பு பார்த்ததில்லை.

இப்போது லெட்ஜர் கோடுகளில் இருக்கிறேன். மேலே மூன்றாவது லெட்ஜர் கோடு இ, அது வந்துவிட்டது. பேஸுக்குக் கீழே மூன்றாவது லெட்ஜர் கோடு ஏ, அங்கே இன்னும் ஒரு கணம் நிற்கிறேன், சியிலிருந்து இறங்கித்தான் பிடிக்கிறேன். நாளைக்கு எடுத்து வைத்திருக்கும் துண்டில் இடது கை முதல் பாரிலேயே அந்த ஏயில்தான் தொடங்குகிறது.